கடைசிப் பெட்டி போகும்வரை

1

எனக்கு இந்தக் கதை சரியாக நினைவிருக்கிறதா என்பதே சந்தேகம்தான். இது ஒரு காணொலியிலிருந்து பிறந்தது. காணொலி இருக்கும்போது நினைவு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அது படமாக்கப்பட்டபோது நானும் அங்கே, பனைமரத்தடியில், மடியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். என் நினைவில் செங்கல்பட்டின் கொளவாய் ஏரி தளும்புகிறது. காணொலியில் கரையோரம் வெறும் சேறு. ஆகவே என்னை முழுதாக நம்ப வேண்டாம்.

முதலில் எழுதிய தொடக்கம்: "ஒன்றையொன்று தொடாமலே கடைசிவரை கூடவே செல்லும் தண்டவாளங்களைப் போல—"

அடித்துவிட்டேன். ரயில் பார்க்க வருகிறவர்கள் யாரும் தண்டவாளத்தைப் பார்ப்பதில்லை. இன்ஜினைத்தான் பார்க்கிறார்கள்.

2

காயத்ரி திருப்போரூரில் மனை விற்கும் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். வாரம் முழுக்கப் பேச்சுதான் பிழைப்பு. ஞாயிறு காலையில் செங்கல்பட்டுக்கு வந்து, ஏரிக்கரையில் நின்று சரக்கு ரயில்களைப் படம்பிடிப்பாள். பயணிகள் ரயில் அவளுக்குப் பொருட்டில்லை. அதற்குக் குறித்த நேரம் இருக்கிறது. சரக்கு ரயில் சொல்லாமல் வரும். அதுதான் அவளுக்குப் பிடித்தது.

அவளிடம் ஒரு சட்டம் உண்டு. இன்ஜின் கண்ணில் பட்டதிலிருந்து கடைசிப் பெட்டி போகும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. ரயிலின் சத்தம் சுத்தமாகப் பதிவாக வேண்டும். ஒருமுறை சம்பத் தும்மிவிட்டான்.

"எத்தினி நாளா காத்துகினு இருந்த வண்டிய்யா அது! உன் தும்மலயா ஊரு கேக்கணும்?" என்று பிடித்துக்கொண்டாள்.

(சம்பத் மாமல்லபுரத்துக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப்போகும் வேன் ஓட்டுகிறவன். நாற்பதை நெருங்குகிறான். எந்த இன்ஜினைக் கண்டாலும் அவனுக்கு ஒன்றுதான். ஆனாலும் ஞாயிறு தவறாமல் வருவான். ஏன் என்று காயத்ரிக்குத் தெரியும், எனக்குத் தெரியும், டீக்கடைக்காரருக்கும் தெரியும்.)

3

அன்று சிக்னல் சிவப்பில் இருந்தது. நேரமிருக்கிறது என்று சம்பத் நம்பிவிட்டான்.

"காயத்ரி, உன்னாண்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"இன்னா கேக்கப்போறேன்னு உனக்கே தெரியும்."

"தெரியும். நீ கேட்டாத்தான நான் பதில் சொல்ல முடியும்?"

ஒரு மனிதனின் வாழ்க்கையில் சில நொடிகள்— (வேண்டாம். அவன் தண்ணீர் குடித்தான், அவ்வளவுதான்.)

அவன் பாட்டிலை மூடுவதற்குள் சிக்னல் மாறியது. வளைவில் இன்ஜின் தலை காட்டியது. காயத்ரியின் கை தானாகப் போனை உயர்த்தியது.

"என்னக் கட்டிக்கிறியா?" என்றான் சம்பத்.

பிறகு ஹார்ன். பிறகு பெட்டிகள்.

பதில் அவள் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஆனால் சட்டம் சட்டம்தான். கடைசிப் பெட்டி போகட்டும். திரும்பினால் கை ஆடும் என்று திரும்பவும் இல்லை. உள்ளே பொங்கிய சிரிப்பைப் பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டு நின்றாள்.

இதோ முடிந்தது என்று பார்த்தால், நடுவில் இன்னொரு இன்ஜின். இரண்டு சரக்கு ரயில்களை ஒன்றாகக் கோத்து விட்டிருந்தார்கள். அப்படியொன்றைப் பார்க்கவேண்டும் என்று அவள் ஏங்கிக் கிடந்தவள்தான். இன்றைக்கா வரவேண்டும்? இன்னும் ஒரு முழு ரயில் பாக்கி.

அப்போது சம்பத்தின் சட்டைப்பையில் போன் அடித்தது. ஸ்டேஷனில் அவன் வேனுக்காகக் காத்திருந்த குடும்பம். அவளுடைய படம் கெட்டுவிடுமே என்று பதறி, போனை வயிற்றோடு அமுக்கிக்கொண்டு கரைச்சரிவில் இறங்கி ஓடினான். ரயில் இரைச்சலில் அவளுக்கு அந்த மணிச்சத்தம் கேட்கவில்லை. ஓரக்கண்ணில் அவன் முதுகு மட்டும் தெரிந்தது.

4

நான் எழுதிய முடிவு இது: அவள் அசையவில்லை. கடைசிப் பெட்டியும் போனது. ஏரியின் மேல் மௌனம் படிந்தது. அந்த மௌனத்தில் அவள் திரும்பி—

மௌனங்கள் எனக்குப் பிடிக்கும். பெருமையோடு அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

"இன்னாண்ணே இது? நான் எங்க கம்முனு இருந்தேன்? கத்தினேன். கத்தினேன்னே எழுதுங்க."

"இப்படியிருந்தால் அழகாயிருக்குமே, காயத்ரி."

"அழகு பாத்துகினு நின்னிருந்தா, அந்தாளு மதுராந்தகத்தத் தாண்டியிருப்பாரு!"

5

ஆகவே, காணொலியில் உள்ளபடி:

இரண்டாவது இன்ஜின் கடக்கிறது. படம் குலுங்குகிறது. வானம், பனை, என் செருப்பு. அதன்மேல் அவள் குரல்:

"யோவ் சம்பத்து! எங்கய்யா ஓடுற? சரின்றேன்யா! சரி! சரி!"

அவன் திரும்பிய வேகத்தில் சேற்றில் விழுந்தான். (அந்நேரம் இன்ஜின் டிரைவர் நீளமாக ஒரு ஹார்ன் அடித்தார் என்று நினைக்கிறேன். காணொலியில் அது இல்லை. இருந்தாலும் நீக்கமாட்டேன்.)

சேற்றில் கிடந்தபடி அவன் ஏதோ சொன்னான். பெட்டிகளின் இரைச்சலில் பதிவாகவில்லை. கேட்டால் இருவரும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அந்த வரியை உங்களுக்கே விட்டுவிடுகிறேன்:

"…………"

மற்றவை எனக்குத் தெரியும். ரயில் பார்ப்பவர்களின் குழுவில் காயத்ரி அந்தக் காணொலியைப் போட்டாள். "அருமையான வண்டி. நடுவுல கத்துற லேடி யாருங்க? அத வெட்டிட்டுப் போடுங்க" என்று ஜெபக்குமார் என்பவர் எழுதினார். அவள் வெட்டவில்லை. ஸ்டேஷனில் காத்திருந்த குடும்பம், இடுப்புவரை சேறு பூசிய ஓட்டுநரோடு மாமல்லபுரம் போய்ச் சேர்ந்தது. சேற்றில் நனைந்த அவன் போன் பிழைக்கவில்லை. சம்பத்துக்கும் காயத்ரிக்கும் திருப்போரூர் முருகன் கோயிலில் கல்யாணம் நடந்தது. ஞாயிறுகளில் இருவரும் சேர்ந்தே வருகிறார்கள். சட்டம் அப்படியே இருக்கிறது. தும்மினால் அவனுக்குத் திட்டு விழுகிறது. நான் பனைமரத்தடியில்தான் இருக்கிறேன். ரயில் போகும்போது புத்தகத்தின் பக்கத்தைத் திருப்புவதில்லை.