மாப்பிள்ளை உட்கார்ந்தால்

மாப்பிள்ளை உட்கார்ந்துவிட்டால் பையைத் திறந்தே ஆக வேண்டும். பெரிய மனிதர் வீட்டுப் பெட்டியானாலும் சரி, அழுக்குத் துணி மூட்டையானாலும் சரி. அந்த எல்லைச் சாவடியில் அதுதான் சட்டம்.

மாப்பிள்ளை ஒரு நாய். தொங்கிய காது, குட்டைக் கால், பழுப்பும் வெள்ளையுமாக உடம்பு. அரசாங்கத்தைப் பொறுத்தவரை அவருக்கு ஓர் எண் மட்டும்தான். ஆனால் நேரத்துக்குச் சாப்பாடு, தனி அறை, தனி விசிறி, உத்தியோகம் என்று பார்த்தால் நாலு எட்டு நடப்பதும் உட்காருவதும். "வீட்டோட மாப்பிள்ளைக்குக்கூட இவ்வளவு வசதி கிடையாதுய்யா" என்று கேன்டீன்காரர் ஒருநாள் வயிறெரிந்து சொன்னார். பெயர் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு அவரை 'அது' என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. வாரைப் பிடித்து நடத்திச் செல்லும் அதிகாரி, கேட்காமலே, மாமனார் ஆனார். அவர் மனைவி வீட்டில் இருந்தபடியே மாமியார் ஆனார்.

"பொண்ணு பெத்துக்காமலே மாப்பிள்ளை வந்துட்டாரு. கல்யாணச் செலவு மிச்சம்" என்று மாமியார் சொல்லிச் சிரிப்பார்.

எல்லைப் பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்து வரும் பேருந்துகள் சாவடியில் நிற்கும். பயணிகள் இறங்கிப் பைகளை இழுத்துக்கொண்டு நீளமான கூடத்தின் வழியே நடக்க வேண்டும். பழம், விதை, செடி, பச்சை இறைச்சி, மண் எதையும் இந்தப் பக்கம் கொண்டுவரக் கூடாது. ஒரு பழத்துக்குள் இருக்கிற ஒரு புழு இந்தப் பக்கத்துத் தோட்டங்களையெல்லாம் ஒரே பருவத்தில் மொட்டையடித்துவிடும். இதை மாமனார் எத்தனை ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பார் என்று அவருக்கே தெரியாது. கேட்டவர்கள் எல்லாரும் "ஒரே ஒரு எலுமிச்சம்பழத்துக்கா சார் இந்தப் பாடு?" என்றுதான் கேட்டிருக்கிறார்கள். பிடிபட்டதை மஞ்சள் நாடா சுற்றி, பின்கட்டில் இருக்கும் சூளையில் போட்டு எரிப்பார்கள்.

பிஸ்கட் விஷயத்தைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும். மாப்பிள்ளை பச்சையாக எதையாவது மோந்தால் அந்தப் பைக்கு எதிரே உட்கார்ந்து மாமனாரை நிமிர்ந்து பார்ப்பார். சமைத்த சாப்பாட்டை அவர் மதிப்பதில்லை. உட்கார்ந்தது நிஜம்தான் என்று மாமனாருக்குப் பட்டால், இடுப்புப் பையிலிருந்து ஒரு பிஸ்கட் எடுத்து அந்த நிமிடமே கொடுக்க வேண்டும். கொடுத்தால் பையைத் திறந்தாக வேண்டும். கால் வலித்துச் சும்மா உட்கார்ந்தார் என்று பட்டால், "நட" என்று சொல்லி இழுத்துக்கொண்டு போய்விட வேண்டும். அதனால் அந்த பிஸ்கட் தீனியல்ல, தீர்ப்பு. பொய்யாக ஒன்று கொடுத்தால் நாய் கெட்டுவிடும். நியாயமான ஒன்றை மறுத்தாலும் கெட்டுவிடும். மாமனார் தன் பணிக்காலத்தில் அப்படி ஒரு தவறைச் செய்ததில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

ஆனால் சில மாதங்களாக மாப்பிள்ளை உட்காரக் கூடாத இடத்தில் உட்கார ஆரம்பித்திருந்தார். கண்காணிப்பாளரின் அறைக்கு வெளியே. கண்காணிப்பாளரின் காருக்குப் பக்கத்தில். ஒருமுறை, மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்த கண்காணிப்பாளருக்கு நேர் எதிரே.

"என்னப்பா, மாப்பிள்ளைக்கு என் மேல இவ்வளவு பாசம்?" என்றார் அவர்.

"வயசாகுது சார்" என்றார் மாமனார். "நட" என்று இழுத்தார். மாப்பிள்ளை ஒவ்வொரு முறையும் இடுப்புப் பையைப் பார்த்தார், பிறகு மாமனாரின் முகத்தைப் பார்த்தார், பிறகு முறுக்கிக்கொண்டு நடந்தார்.

சேதி எப்படியோ தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டது. மாப்பிள்ளையைச் சோதிக்க ஒரு பரிசோதகர் வருவதாகத் தகவல் வந்தது. தேறாவிட்டால் வேலை போய்விடும். கௌரவமாக ஓய்வு பெற்ற நாயைத்தான் வீட்டுக்கு அழைத்துப் போகலாம். தேறாத நாயைத் துறையின் கிடங்கு ஒன்றில் சங்கிலி போட்டுக் காவலுக்குக் கட்டிவிடுவார்கள். அந்தக் கிடங்கை மாமனார் பார்த்திருக்கிறார். தகரக் கூரை. மூன்று நாளாக அவருக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது கண்காணிப்பாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல மனிதர். கைராசிக்காரர் என்று ஊரே சொல்லும். காய்ந்த குச்சியை நட்டாலும் துளிர்க்குமாம். வீட்டு மொட்டைமாடி முழுக்கத் தொட்டிகள். பிறந்தநாளா, புது வீடா, பதவி உயர்வா, எல்லாவற்றுக்கும் அவர் கையால் ஒரு தொட்டி வந்துவிடும்.

போன வருடம் மாமியாருக்குப் பெரிய அறுவை சிகிச்சை நடந்தது. ரத்தம் கிடைக்கவில்லை. கண்காணிப்பாளர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு போய்ப் படுத்துவிட்டார். மறுவாரம் ஆஸ்பத்திரிக்கு ஒரு சின்னத் தொட்டியோடு வந்தார். அதில் இரண்டே இலையோடு ஒரு ரோஜாக் குச்சி.

"இது மொட்டு விடறதுக்குள்ள நீ எழுந்து நடந்துடுவே பாரு தங்கச்சி" என்றார்.

அப்படியேதான் நடந்தது. அந்த ரோஜா இப்போது மாமியார் வீட்டு ஜன்னலில் மார்பளவுக்கு நிற்கிறது. காலையில் எழுந்ததும் முதல் வேலையாக ஈரத் துணியால் இலைகளை ஒவ்வொன்றாகத் துடைப்பார் மாமியார். என்ன தெருவோ, இவ்வளவு தூசி அடைகிறது என்று அலுத்துக்கொள்வார். "அண்ணன் ரத்தம் எனக்குள்ள ஓடுது. அவரைப் பத்தி யாராவது ஒரு வார்த்தை சொன்னா எனக்குச் சுருக்குங்குது" என்பார். உப்பிட்டவரையே உள்ளளவும் நினைக்கச் சொல்கிறார்கள். ரத்தம் கொடுத்தவரை எதுவரை நினைப்பது என்பதற்குப் பழமொழி கிடையாது.

பரிசோதகர் ஒரு பெண்மணி. சிரிப்பை வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டு வந்தவர். முதல் பேருந்து வருவதற்கு முன் கூடத்தில் சோதனை. ஊழியர்கள் பயணிகளைப் போலப் பைகளோடு வரிசையாக நிற்க வேண்டும். ஒரு பையில் பரிசோதகர் ஒரு பழத்தை ஒளித்து வைத்திருப்பார். எந்தப் பை என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். ஓர் ஆள் குறைந்தது. அப்போதுதான் ராத்திரி வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கண்காணிப்பாளரைப் பார்த்து, "நீங்களும் வந்து நில்லுங்க சார்" என்றார் பரிசோதகர்.

"நானா? பையை ரூம்ல வச்சுட்டு வந்துடறேன்."

"பையோடதான் நிக்கணும் சார்."

கண்காணிப்பாளர் சிரித்தார். சிரிப்பு வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாமதமாக வந்தது. வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

மாமனார் வாரைத் தளர்த்தினார். மாப்பிள்ளை முதல் பையை மோந்தார், அடுத்ததை மோந்தார், நடுவில் கேன்டீன்காரரின் பைக்கு எதிரே உட்கார்ந்தார். மாமனார் பிஸ்கட் கொடுத்தார். பை திறக்கப்பட்டது. உள்ளே ஒரு கொய்யா. பரிசோதகர் தலையசைத்தார். மாமனாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"வரிசை முடியற வரைக்கும் போங்க" என்றார் பரிசோதகர்.

கடைசியில் கண்காணிப்பாளர். அவர் காலடியில் பழைய தோல் பை. மாப்பிள்ளை அதை ஒரு சுற்றுச் சுற்றினார். உட்கார்ந்தார். வால் அசையவில்லை. நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தப் பையில நான் எதுவும் வைக்கலை" என்றார் பரிசோதகர். பேனாவைத் திறந்தார். "இழுத்துட்டுப் போனீங்கன்னா தப்பா உட்கார்ந்ததுன்னு எழுதிக்குவேன். ஏற்கெனவே வந்த புகாரும் இருக்கு. இது தேறாது. பிஸ்கட் குடுத்தீங்கன்னா சாரோட பையைத் திறக்கணும். முடிவு உங்களோடது."

"பாசம் மேடம், பாசம்" என்றார் கண்காணிப்பாளர். கேன்டீன்காரர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

மாமனார் பையைப் பார்த்தார். அதன் அடித்தோல் ஒரு மூலையில் கறுத்து ஈரமாக இருந்தது. என்ன வெயிலானாலும் தோல் பைக்கு வியர்க்காது. அவர் கண்காணிப்பாளரின் முகத்தைப் பார்த்தார். அதட்டும் முகமாக இருந்திருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். அது ஆஸ்பத்திரியில் பார்த்த அதே முகம்.

அறை வாசல், கார், மாடிப்படி எல்லாம் அவருக்கு ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. அத்தனை முறையும் மாப்பிள்ளை சரியாகத்தான் உட்கார்ந்திருக்கிறார். அத்தனை முறையும் இவர் "நட" என்று சொல்லி, பொய்யனாக்கி, இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். மாமனாருக்கு வெட்கமாக இருந்தது. மேலதிகாரிக்கு முன்னாலும் பரிசோதகருக்கு முன்னாலும் அல்ல, நாய்க்கு முன்னால்.

அவர் பிஸ்கட்டை எடுத்துக் கொடுத்தார். மாப்பிள்ளை கடிக்கும் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.

பையில் டிபன் டப்பா இருந்தது, மூக்குக் கண்ணாடி இருந்தது, ஈரக் கைக்குட்டையில் சுற்றிய ஒரு செடிக் குச்சி இருந்தது. குச்சியின் அடியில் முந்தின நாள் சுற்றிய மஞ்சள் நாடா பாதி கிழிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. பரிசோதகர் ஓர் இலையைத் திருப்பி லென்ஸ் வைத்துப் பார்த்தார். வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். அவற்றில் ஒன்று நகர்ந்தது.

"எரிக்க மனசு வரலை" என்றார் கண்காணிப்பாளர். "உசிர் இருந்துச்சு."

"அதுதான் சார் பிரச்சனையே" என்றார் பரிசோதகர்.

வேலியே பயிரை மேய்ந்தது என்று சொல்வார்கள். இங்கே வேலி பயிர் வளர்த்திருக்கிறது. விசாரணை முடியும்வரை கண்காணிப்பாளரை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். போகும்போது அவர் குனிந்து மாப்பிள்ளையின் காதைத் தடவினார். மாமனாரிடம், "நல்லா பழக்கியிருக்கே" என்றார். திட்டியிருக்கலாம் என்று மாமனாருக்குத் தோன்றியது.

அன்று கேன்டீனில் அவருக்கு வந்த டீயில் சர்க்கரை இல்லை. கேட்டபோது தீர்ந்துவிட்டது என்றார்கள். பக்கத்து மேசையில் டீயில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டிருந்தார்கள்.

கண்காணிப்பாளர் கையால் கொடுத்த தொட்டிகளையெல்லாம் திரும்பச் சேகரிக்க வேண்டும் என்றார் பரிசோதகர். ஒருவர் வீட்டுக்குள் போய் எடுப்பதென்றால் நீதிமன்ற உத்தரவு வேண்டும், அல்லது மாப்பிள்ளை உட்கார்ந்து பிஸ்கட் வாங்க வேண்டும். உத்தரவைவிட மாப்பிள்ளை சீக்கிரம் வந்துவிடுவார்.

"எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு மேடம்" என்றார் மாமனார்.

"அப்ப அங்கேர்ந்தே ஆரம்பிப்போம்" என்றார் பரிசோதகர்.

வீட்டுக்குப் போன் செய்து சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தார். பிறகு சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஜீப் நிற்கும்வரை இதையே செய்துகொண்டிருந்தார்.

கதவைத் திறந்த மாமியார் முதலில் மாப்பிள்ளையைத்தான் பார்த்தார். "அட, வாங்க வாங்க! இப்பதான் மாமியார் வீட்டுக்கு வழி தெரிஞ்சுதா?" என்றார். பிறகு பரிசோதகரைப் பார்த்தார். பிறகு கணவர் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

மாமனார் முதல் வேலையாகச் சமையலறைக் கதவைச் சாத்தினார். வெங்காயக் கூடைக்கெல்லாம் மாப்பிள்ளை உட்கார்ந்துகொண்டிருந்தால் பொழுது விடிந்துவிடும். அப்புறம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பையை, குச்சியை, பூச்சியை, பிஸ்கட்டை.

வாரைத் தளர்த்தியதும் மாப்பிள்ளை நேராக ஜன்னலுக்குப் போனார். தொட்டிக்கு எதிரே உட்கார்ந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"நடன்னு சொல்லுங்க" என்றார் மாமியார்.

மாமனார் கை இடுப்புப் பைக்குள் போனது. வெளியே வரவில்லை. காலையில் அத்தனை பேருக்கு முன்னால் வந்த கை, இரண்டு பெண்களுக்கு முன்னால் வரவில்லை.

"என்னங்க, உங்களைத்தான். இது அண்ணன் குடுத்தது. நான் படுக்கையில கிடந்தப்போ இதைப் பாத்துப் பாத்துத்தான் எழுந்தேன். உங்களுக்குத் தெரியாதா? நடன்னு சொல்லுங்க."

"அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் இவரை இத்தனை மாசமா ஏமாத்தியிருக்கேன்மா" என்றார் மாமனார்.

பரிசோதகர் ஜன்னலுக்கு வெளியே தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு எழுத எதுவும் இல்லை.

"அண்ணன் என்ன சொன்னாரு?"

"நல்லா பழக்கியிருக்கேன்னாரு."

மாமியார் செடிக்குப் பக்கத்தில் போனார். ஓர் இலையைத் திருப்பினார். காலையில் துடைத்த இலைதான். வெள்ளைப் புள்ளிகள் மறுபடி வந்திருந்தன. இவ்வளவு அருகில் கண்ணை வைத்து அவர் பார்த்ததே இல்லை. ஒரு புள்ளி மெல்ல நகர்ந்து நரம்பைத் தாண்டியது.

"இதையா தூசின்னு தொடச்சுக்கிட்டிருந்தேன்" என்றார்.

கொஞ்ச நேரம் இலையை விடாமல் நின்றார். பிறகு சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கணவரின் கையை இடுப்புப் பையிலிருந்து வெளியே எடுத்துவிட்டார். தானே ஒரு பிஸ்கட்டை எடுத்தார். மாப்பிள்ளைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது, துடைக்கவில்லை.

"சாப்பிடுங்க மாப்பிள்ளை."

மாப்பிள்ளைக்கு வேறு கையில் வாங்கிப் பழக்கமில்லை. அவர் மாமியாரைப் பார்த்தார், மாமனாரைப் பார்த்தார்.

"வாங்கிக்குங்க" என்றார் மாமனார்.

மாப்பிள்ளை பிஸ்கட்டை வாங்கி மென்றார். பரிசோதகர் தொட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்.