பூட்டிய வீடு

குடகனாற்று வெள்ளம் மாலை ஐந்து மணிக்குள் கரை தாண்டும் என்று கணினி சொன்னபோது மதியம் ஒன்றரை. மின்கட்டணம், ரேஷன், செல்போன் விவரங்களை ஒன்றுசேர்த்து எந்த வீட்டில் ஆள் இருக்கிறது என்பதையும் அதுவே கணித்துவிடும். வண்டி அங்கே மட்டும் போனால் போதும். தாடிக்கொம்புக்கு அப்பால் ஆற்றோரத்தில் நாற்பத்தியொரு வீடுகள். ஒன்றில் மட்டும் ஆளில்லை என்று வந்தது.

கட்டுப்பாட்டு அறையில் ஒப்பந்த ஊழியராக இருந்த சகாயசெல்வி அந்த வீட்டுக்காரியின் பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சிவனம்மாள், வயது அறுபத்தேழு. கைரேகை விழாததால் எட்டு மாதமாக அரிசி வாங்கவில்லை என்று போன திங்கட்கிழமை இவளிடம் மனு கொடுத்தவள். “தோல் பதப்படுத்துற ஷாப்புல சுண்ணாம்புத் தொட்டிக்குள்ளயே கெடந்த கையி தாயி, ரேகை எங்க இருக்கும்?” என்று உள்ளங்கையை விரித்துக் காட்டியிருந்தாள்.

கிராம உதவியாளர் சங்கிலிக்குப் போன் போட்டாள். “வாசல்ல பூட்டு தொங்குதும்மா, ரோட்டுல இருந்தே பாத்தேன்” என்றார் அவர்.

மேலதிகாரி அன்புமணி தலையைத் தூக்கவில்லை. “இருக்கறவங்களக் கூட்டிட்டு வரவே வண்டி பத்தல. மிஷின் இதுவரைக்கும் தப்பாச் சொன்னதில்ல.”

சகாயசெல்வி தலைவலி என்று சொல்லிவிட்டு டவுன் பஸ் ஏறினாள். மழையில் ஜன்னல் ஷட்டர்களை எல்லாம் இறக்கியிருந்தார்கள். கணவன் விட்டுப் போன பின் நாகல் நகரில் ஒற்றை அறையில் ஆறு வருஷம். ஒரு பல்பு, ஒரு ஃபேன். போன் வந்தால் ஆபீசிலிருந்துதான். அந்தக் கணினி தன் அறையைப் பார்த்தால் என்ன சொல்லும் என்று நினைத்துக்கொண்டாள்.

சங்கிலி சொன்னது பொய்யில்லை. முன்கதவில் துருவேறிய பூட்டு. அவள் சுவரைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். பின்கதவு சாத்தாமல் கிடந்தது. இருட்டில் கட்டில்மேல் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தாள் சிவனம்மாள். கொல்லை முருங்கையடிக்குத் தண்ணீர் வந்துவிட்டிருந்தது.

“ஏம்மா, வாசல எதுக்குப் பூட்டி வச்சிருக்கீங்க?”

“தொறந்து வச்சா மட்டும் யாரு வாரா?”

பிறகு அவளைக் கூர்ந்து பார்த்தாள். “நீ யாரு தாயி, மனு வாங்குன புள்ளயா? அரிசி வந்துருச்சா?”

சகாயசெல்வி கட்டிலில் கிடந்த துணிமூட்டையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு அவள் கையைப் பிடித்தாள். சொரசொரவென்று மரப்பட்டை மாதிரி இருந்த கை. முழங்கால் தண்ணீரில் இருவரும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே நிவாரண முகாமில் பெயர் பதிய விரல் வைக்கச் சொன்னார்கள். பத்து விரலும் விழவில்லை.

“முகத்தக் காட்டுங்கம்மா, அத வச்சுப் பதிஞ்சிரலாம். செத்த நேரந்தான்” என்று சகாயசெல்வி தன் போனை அவள் முன்னால் பிடித்தாள். “கண்ணச் சிமிட்டுங்க.”

சிவனம்மாள் சிமிட்டவில்லை. போனுக்கு மேலே தெரிந்த சகாயசெல்வியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஈரத் தலையிலிருந்து நீர் சொட்டச் சொட்ட.