ஐந்து மணிக்கு நிற்கும் ஊர்

வெட்டர்ஷம் கிராமத்தில் மாலை ஐந்து மணிக்கு மழை பெய்துகொண்டிருந்தால் அது அந்தரத்தில் அப்படியே நின்றுவிடும். இரண்டு பாட்டுப் பாடி முடிக்கிற நேரம் நிற்கும், பிறகு விட்ட இடத்திலிருந்து பெய்யும். மழை மட்டுமில்லை, இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில் அந்த ஓர் ஊரின் எல்லைக்குள், கூரைக்கு வெளியே இருக்கிற எதுவும் அந்த நேரத்தில் அசையாது. சர்க்கரை ஆலைக்குப் பீட் கிழங்கு ஏற்றிய லாரி, குளத்து வாத்து, கொடியில் படபடத்த போர்வை எல்லாம் நிற்கும். கூரைக்கு உள்ளே இருப்பவர்களுக்கு ஒன்றும் ஆகாது. கெட்டில் கொதிக்கும், குழந்தை அழும், டிவியில் குதிரைப் பந்தயம் ஓடும். வெளியே நின்றுபோனவர்களுக்கும் வலி எதுவும் கிடையாது. கண் தெரியும், காது கேட்கும், வாய் மட்டும் திறக்காது. இப்ஸ்விச்சிலிருந்து வரும் பேருந்துக்காரர்கள் இதற்கென்று தங்கள் நேரத்தில் கொஞ்சம் இடம் விட்டு வைத்திருந்தார்கள்.

இது அமெரிக்கர்கள் விட்டுப்போன பழக்கம். அவர்கள் போருக்கு வந்து, போய், பிறகு இன்னும் பெரிய விமானங்களோடு திரும்பி வந்து, ஊர் ஓரத்தில் விமானத் தளம் போட்டு நாற்பது வருஷம் உட்கார்ந்துகொண்டார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் அவர்கள் நாடு, அவர்கள் டாலர், அவர்கள் ஐஸ்கிரீம். தினமும் ஐந்து மணிக்குக் கொடி இறக்குவார்கள். தண்ணீர்த் தொட்டிக் கோபுரத்தின் உச்சியில் இருந்த ஒலிபெருக்கியில் முதலில் நம் ராணிக்கான தேசியப் பாட்டு வரும், அடுத்து அவர்கள் தேசியப் பாட்டு. வெளியே யார் இருந்தாலும், கர்னலே ஆனாலும், காரை நிறுத்தி இறங்கிக் கொடியைப் பார்த்து அசையாமல் நிற்க வேண்டும். உள்ளே இருந்தால் வேண்டியதில்லை. அதனால் ஐந்து மணி நெருங்கும்போது சோம்பேறிகள் எல்லாரும் கைக்கு அகப்பட்ட கதவுக்குள் பாய்வார்கள். முடிவெட்டும் கடையில் அந்த நேரத்தில்தான் கூட்டம் அதிகம், முடி வெட்டிக்கொள்கிறவர் ஒருவரும் இருக்கமாட்டார்.

பிறகு ஒரு இலையுதிர் காலத்தில் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். விமானங்கள் போயின, கொடி போனது, மின்சாரத்தையும் துண்டித்துவிட்டார்கள். ஒலிபெருக்கியை மட்டும் எடுக்கவில்லை. அவர்கள் போட்ட திருகாணிக்கு நம்மூர் ஸ்பானர் எதுவும் பொருந்தவில்லை என்று சொன்னார்கள். மறுநாள் ஐந்து மணிக்கு ஊர் நின்றது. பழக்கம் பொல்லாதது, பாறையிலும் கோழி சீய்க்கும் என்பார்கள். வெட்டர்ஷமில் கோழியும் நின்றது. பாட்டு யார் காதிலும் விழவில்லை. தளத்தில் வேலை பார்த்தவர்களுக்கு மட்டும் அது உள்ளங்காலில் தெரிந்தது, வரி வரியாக.

எனிட் தர்கெட்டிலுக்கு மற்றவர்களைவிட நன்றாகவே தெரிந்தது. பத்தொன்பது வயதில் தளத்தில் பந்துருட்டி விளையாடும் பௌலிங் கூடத்தில் ஷூ வாடகைக்குக் கொடுக்கும் வேலையில் சேர்ந்து, கதவைப் பூட்டின நாள்வரை அங்கேயே இருந்தவள் அவள். ஆட்களை அவள் கால் அளவில்தான் நினைவு வைத்திருந்தாள். டெக்ஸாஸ்காரர்களின் கால் பெரிது என்பது வெறும் பேச்சு, மினசோட்டாக்காரர்களின் கால்தான் பெரிது என்று அடித்துச் சொல்வாள். தபால் நிலையம் நடத்திய டாஃப்னி கோப்பும் ஒரு காலத்தில் தளத்துச் சமையற்கூடத்தில் இருந்தவள்தான். இருவரும் சேர்ந்துவிட்டால் வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தமாதிரி. சர்க்கரைவள்ளிக் கிழங்கின்மேல் மிட்டாயை உருக்கி ஊற்றி வான்கோழிக் கறியோடு சாப்பிடுகிற ஜனங்களை வேறெங்கே பார்க்க முடியும் என்பாள் டாஃப்னி. எனிட் விடமாட்டாள்.

"அதை விடு. ஜூலை நாலாந்தேதி, அவனுங்க சுதந்திர தினத்துக்கு, நம்மளையே கூப்பிட்டு உக்கார வெச்சு வாணவேடிக்கை விடுவானுங்களே, அதைச் சொல்லு. நம்மகிட்ட ஜெயிச்சதுக்கு நாமளே போய்க் கைதட்டினோம்டி."

"சும்மாவா தட்டினோம்? சாசேஜ் ஓசியாச்சே."

எனிட்டின் புருஷன் சிரிலுக்கு இந்தப் பேச்சு எட்டிக்காய். அவர் பன்றி வளர்ப்பவர். பன்றிகளுக்கு அமெரிக்கர்களைப் பிடிக்காது, விமானச் சத்தத்தில் குட்டிகளின்மேல் படுத்துவிடும். அவருக்கும் பிடிக்காமல் போனது அதனால்தான் என்று ஊரில் சொல்லிக்கொண்டார். உண்மை வேறு. நெப்ராஸ்காவிலிருந்து வந்த டுவேன் ஹாக்கட் என்ற சார்ஜென்ட், எனிட்டுக்கு அவர்கள் பாட்டை வரி விடாமல் சொல்லிக் கொடுத்திருந்தான். தினமும் நிற்கிறேனே, எதற்கு நிற்கிறேன் என்று தெரிய வேண்டாமா என்று கேட்டுக் கற்றுக்கொண்டவள் எனிட்தான். ஆனால் ஊர்வாயை மூட உலைமூடி ஏது? தளம் மூடியபிறகும் எனிட் ஐந்து மணிக்குச் சரியாகத் தோட்டத்துக்குப் போய் வேண்டுமென்றே நின்றாள். சிரில் வேண்டுமென்றே வீட்டுக்குள் ஓடினார். ஜன்னல் வழியாக அவளைப் பார்ப்பார். வாடாத சந்தோஷத்தோடு நிமிர்ந்திருக்கும் அந்த முகம், கல்யாணத்தன்றுகூட அவர் பார்க்காதது. ஆறு வருஷம் பார்த்தார். பிறகு பொறுக்க முடியவில்லை.

ஆகஸ்ட் மாதம் காய்கறிக் கண்காட்சிக்காகப் பழைய அணிவகுப்பு மைதானத்தில் பெரிய கூடாரம் போட்டிருந்தார்கள். கண்காட்சிக்கு முந்தின நாள் சாயந்தரம் எனிட், டாஃப்னி, இன்னும் பத்துப் பன்னிரண்டு பெண்கள் உள்ளே பூசணிக்காய்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். சிரில் செடி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் கோபுரத்தில் ஏறினார். உச்சியில் ஒலிபெருக்கிக் கம்பிகள் வந்து சேரும் ஒரு சின்ன அறை இருந்தது. அதற்குத் தகரக் கூரை இருந்ததால் ஐந்து மணி அடித்தும் அவர் கை நிற்கவில்லை. கம்பிதான் அமெரிக்கக் கம்பி, லேசில் அறுபடவில்லை. கத்தரிக்கோலை எறிந்துவிட்டு இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். இரண்டாவது பாட்டின் பாதியில் கம்பி பட்டென்று அறுந்தது. இழுத்த வேகத்தில் சிரில் பின்னாலேயே போய்க் கதவைத் தாண்டி, கைப்பிடியையும் தாண்டி வெளியே விழுந்தார். வெளியே வந்ததால் நின்றார். காலுக்குக் கீழே எதுவும் இல்லை, தொப்பி மட்டும் தலைக்கு மேலே தனியாக நின்றது.

கூடாரத்துக்குள் எனிட்டின் உள்ளங்காலில் பாட்டு பாதியில் அறுந்தது. அவள் பூசணிக்காயைக் கீழே வைத்தாள். பாட்டு முடிந்தால்தானே யாரும் அசையலாம்? அது முடியவே இல்லை. வாசல் திரையை விலக்கிப் பார்த்தாள். தேனீ நின்றது, மைதானத்தில் பையன்கள் அடித்த கிரிக்கெட் பந்து மேலே நின்றது, வெளியில் இருக்கிறதென்பதால் சூரியனும் நின்றது. அடுத்த ஊரான க்ரான்ஸ்பியில் அன்றைக்கு வழக்கமான நேரத்தில் இருட்டி விளக்குப் போட்டார்கள், வெட்டர்ஷமில் அப்போதும் ஐந்து மணி வெயில் போகவில்லை. அண்ணாந்து பார்த்தபோதுதான் கோபுரத்தருகே சிரில் தெரிந்தார்.

"அய்யோ, என் வீட்டு மனுஷன்டி!"

எல்லாருக்கும் ஒரே சமயத்தில் விளங்கியது. மிச்சப் பாட்டைப் பாடி முடித்தால் ஊர் அசையும், சிரில் விழுவார். பாடாவிட்டால் விழமாட்டார், வாத்தும் வாழ்நாள் பூராவும் குளத்தில் நிற்கும். அடியில் ஏதாவது போடலாமென்றால் வெளியே கால் வைத்தவர் நின்றுவிடுவார். டாஃப்னி கையை நீட்டிப் பார்த்து முழங்கைவரை நின்றுபோக, மூன்று பேர் சேர்ந்து உள்ளே இழுத்தார்கள். எனிட் சுற்றுமுற்றும் பார்த்தாள். தளத்தில் ஐந்து மணிக்கு எந்தக் கதவாவது கிடைக்காதா என்று ஓடியவர்களை அவள் முப்பது வருஷம் பார்த்திருக்கிறாள்.

"கூடாரத்துக்குள்ள இருக்கோமே, இது உள்ளதானே? இதையே தூக்கிக்கிட்டுப் போவோம்."

கேக் வெட்டும் கத்தியால் உள்ளிருந்தே கயிறுகளை அறுத்தார்கள். காற்றும் நின்றிருந்ததால் துணி அசையாமல் இருந்தது. கம்பத்துக்கு இரண்டு பேர், பார்வையாளர்கள் உட்காரப் போட்டிருந்த வைக்கோல் கட்டுகளுக்கும் காய்கறி மேசைகளுக்கும் மீதிப் பேர் என்று பிரிந்துகொண்டு நடந்தார்கள். கூடாரம் மைதானத்தில் மெல்ல நகர்ந்தது. வழியில் சைக்கிளோடு சாய்ந்தபடி நின்றிருந்த பாதிரியார்மேல் அது கடந்தபோது, கூரைக்குள் வந்துவிட்ட பாதிரியார் மிதிக்கத் தொடங்கி நேரே தக்காளி மேசையில் மோதினார். அடுத்துத் தபால்காரரும் அவர் காற்சட்டையைக் கவ்விப் பிடித்திருந்த நாயும் உள்ளே வந்தார்கள். கடி முழுமையாக விழுந்தது.

"ஒரு வழியா முடிச்சியா?" என்று தபால்காரர் நாயைப் பார்த்துக் கேட்டுவிட்டு ஒரு வைக்கோல் கட்டைத் தூக்கிக்கொண்டார்.

சிரிலுக்கு நேர் கீழே கட்டுகளை அடுக்கி, மேசை விரிப்பு, நாற்காலி மெத்தை, கோட்டு என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் மேலே போட்டார்கள். நடுக்கம்பத்தை எடுத்துவிட்டு, துணியைத் துடைப்பத்தாலும் கையாலும் சுற்றி நின்று தாங்கிக்கொண்டார்கள். உச்சியில் கம்பம் இருந்த ஓட்டை வழியாக எனிட் மேலே பார்த்தாள். முப்பது வருஷம் கோபப்பட்ட முகம் அது. அந்த முகம் இல்லாத வீட்டை ஒரு கணம் நினைத்துப் பார்த்தாள். அவர் காது கேட்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

"சிரில், கேக்குதா? பதில் சொல்ல வேணாம், உன்னால முடியாது. இன்னிக்காவது நான் பேசி முடிக்கிறேன். நீ எதுக்கு ஏறினேன்னு எனக்குத் தெரியும். அந்த டுவேன் மூஞ்சியே எனக்கு ஞாபகமில்ல, மனுஷா. காலுதான் ஞாபகம். பதினொண்ணாம் சைஸ், அகலம். நாத்தம் வேற."

துணியைப் பிடித்திருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"காலையில எழுந்தா உன் பன்னி, உன் அம்மா, பசங்க. அங்க போனா எம்மாம் ஷூ. அஞ்சு மணிக்கு வேணும்னே வெளிய வந்து நிப்பேன். அந்த ரெண்டு பாட்டு முடியறவரைக்கும் ஒரு பய என்னை எதுவும் கேக்க முடியாது. கர்னலே வந்தாலும் முடியாது. அதுக்குத்தான் இப்பவும் நிக்கிறேன். நீ என்னடான்னா பாட்டு முடிஞ்ச நிமிஷம் தலையை நீட்டி, சாப்பாட்டுக்கு என்னன்னு கத்துறே. எனக்கு அமெரிக்காக்காரன் வேணாம்யா. அந்த நேரம் வேணும். நீயும் வேணும். கழுத்தை உள்ள இழுத்துக்கோ, இப்பப் பாடப்போறேன். செத்துகித்துப் போனே, கொன்னுடுவேன்."

அந்தப் பாட்டில் ஓர் இடம் உயரத்துக்குப் போகும், அமெரிக்கர்களே அங்கே வாயை மட்டும் அசைப்பார்கள். எனிட் அறுந்த வரியில் பிடித்து எடுத்தாள். உயரம் வந்தபோது குரல் உடைந்தது, நிறுத்தவில்லை. வார்த்தை தெரியாத பாதிரியார் வெறும் 'ஆ' போட்டுத் தாங்கினார், டாஃப்னி கண்ணீரோடு கட்டைக் குரலில் சேர்ந்துகொண்டாள். கடைசிச் சொல் முடிந்ததும் வாத்து கத்தியது, கிரிக்கெட் பந்து விழுந்து யாரோ அவுட் ஆனார்கள், சூரியன் தாமதத்தை ஈடுகட்ட மடமடவென்று இறங்கியது. சிரில் துணியில் விழுந்து, துணியோடு வைக்கோலில் புதைந்து, ஒருமுறை எழும்பித் திரும்ப விழுந்தார். தொப்பி பின்னால் நிதானமாக வந்தது. தோள்பட்டை எலும்பு ஒன்று முறிந்திருந்தது. அவர் வாயைத் திறந்தபோது எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

"அகலம் வேறயா?" என்றார் சிரில்.

எனிட் அவரை ஓர் அடி அடித்து, வைக்கோலில் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதாள். அந்த வருஷம் பூசணிக்காய்ப் பரிசு யாருக்கும் கொடுக்கவில்லை, கூடாரம் சரிந்தபோது நல்லதெல்லாம் அடியில் நசுங்கிவிட்டது.

கம்பி அறுந்ததால் மறுநாள் எதுவும் நிற்காது என்று க்ரான்ஸ்பிக்காரர்கள் பந்தயம் கட்டித் தோற்றார்கள். ஐந்து மணிக்கு ஊர் நின்றது, வெட்டர்ஷமில் யாரும் அதைப் பற்றிப் பேசக்கூட இல்லை. எனிட் தோட்டத்தில் நின்றாள். சிரில் வழக்கம்போல வீட்டுக்குள் ஓடினார், ஜன்னல் பக்கம் மட்டும் போகவில்லை. ஒரு கை கழுத்தில் கட்டிய துணித் தூளியில் தொங்க, மறு கையால் உருளைக்கிழங்கை அடுப்பில் ஏற்றினார், முட்டைக்கோஸைக் கண்டபடி நறுக்கினார், பன்றி இறைச்சியைக் கொஞ்சம் கருக்கினார். இலையுதிர் காலம் வந்து எலும்பு கூடியபிறகும் ஐந்து மணி ஆனால் அடுப்படிக்கு ஓடுவது நிற்கவில்லை. ஒருநாள் மழை அந்தரத்தில் நின்று, முடிந்து, பெய்யத் தொடங்கிவிட்டது. வாத்து குளத்தைக் கடந்துவிட்டது, பேருந்து கிளம்பிவிட்டது. எனிட் மட்டும் கண்ணை மூடியபடி மழையில் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். சிரில் கதவருகே போய்ப் பார்த்தார். கூப்பிடவில்லை. திரும்பி வந்து அவள் தட்டின்மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடி வைத்தார்.