பன்னிரண்டாவது படி

"அடையாள அட்டை இல்லாம இறப்புச் சான்றிதழ் எழுத மாட்டாங்களாம் தம்பி. அவ பையில இருக்கான்னு பாரு" என்று அக்கா சொன்னதும், அவர் மனைவியின் பள்ளிக்கூடப் பையைத் தரையில் கவிழ்த்தார். அவளைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள்.

அட்டையோடு ஒரு காகிதக் கட்டும் விழுந்தது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வரைந்த படங்கள். எல்லாவற்றிலும் ஒரே கதவு. கதவுக்கு வெளியே திருடன், பேய், புலி. ஒன்றில் கணக்கு வாத்தியார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரையே ஏற்றி இறக்கியவர், தன் வீட்டு மூன்றாவது மாடிக்கு மட்டும் படியேறித்தான் போவார். "வாத்தியார் பிள்ளை மக்குன்னா, மெக்கானிக் வீட்டு லிஃப்ட் மட்டும் ஓடிடுமா?" என்று அவள் சிரிப்பாள்.

வாசலில் தன் அம்மாவை ஒட்டி நின்ற இரட்டைப் பின்னல் சிறுமி, "அது எங்க கிளாஸ் படம் அங்கிள்" என்றாள்.

"என்ன கதைம்மா?"

"ஒருத்தி வீட்டுல தனியா இருக்கா. படியில செருப்புச் சத்தம். ஒண்ணு, ரெண்டுன்னு எண்றா. மொத்தம் பன்னெண்டு படி. பதினொண்ணோட சத்தம் நின்னுடுது. டீச்சரும் அங்கேயே நிறுத்திட்டாங்க. கண்ணை மூடிக்கிட்டு, வெளியே யாருன்னு பார்த்து வரையச் சொன்னாங்க. இன்னைக்குப் பேசுறதா இருந்தோம். டீச்சரும் வரைவாங்க. ஆனா நாங்க பேசி முடிச்சாதான் காட்டுவாங்க."

கட்டின் அடியில் ஒரு தாள் நான்காக மடிந்திருந்தது. பிரித்தார். வெளியே நின்ற ஆளுக்கு முகம் வரையாமல் விட்டிருந்தாள். கையில் கருவிப் பை மட்டும் இருந்தது. அதன் அறுந்த பிடியில் நீல வயர் சுற்றியிருந்தது.

கடைசித் திருப்பத்திலிருந்து அவர் வீட்டுக்கும் பன்னிரண்டு படிதான்.

நேற்று மாலை போனில், "மூச்சு வாங்குதுங்க, சீக்கிரம் வாங்க" என்றாள். "இதோ, படியேறிட்டேன்" என்றார். தெருமுனைக் கேரம் பலகையில் சிவப்புக் காய் மிச்சமிருந்தது. ஒரு ஆட்டம்தானே என்று மறுபடி உட்கார்ந்துவிட்டார். பாவி, எண்ணிக்கொண்டே கிடந்திருப்பாளே.

"டீச்சர் யாரை வரைஞ்சிருக்காங்க அங்கிள்? யாரு வந்தது?"

அவர் தாளைப் பழையபடி மடித்தார்.

"இன்னும் வரலம்மா."

கதவோரம் கிடந்த தன் கருவிப் பையைக் காலால் மெல்லக் கதவுக்குப் பின்னால் தள்ளினார். பை உள்ளே போயிற்று. நீல வயரின் நுனி மட்டும் வெளியே தெரிந்தது.