நான்கு மணி வெயிலில் ஒருவர்

பெரியவர், அவருடைய மனைவி, மகன், காலமான தம்பியின் மனைவி, இன்ஜினியர், கட்டப்போகும் வீட்டை முன்கூட்டியே கம்ப்யூட்டரில் கட்டிக் காட்டும் பெண். அன்று இன்ஜினியர் அலுவலகத்தில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான். திரையில் இன்னொருவன் இருந்தான். மேல் மாடியின் மேற்குப் பால்கனியில், கைப்பிடிக் கம்பியில் முழங்கையை ஊன்றி, கையில் கோப்பையோடு தெருவைப் பார்த்து நின்றான். அவனை அங்கே யாரும் வைக்கவில்லை.

பழைய வீட்டை இடித்துவிட்டு, கீழே பெரியவருக்கும் நடுவே மகனுக்கும் மேலே தம்பி மனைவிக்குமாக மூன்று தளம் கட்டுவதாகப் பேச்சு. தம்பி போன நாளிலிருந்து அவள் ஸ்டோர் ரூமை ஒட்டிய அறையில்தான் இருந்தாள். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள்கூடக் கிடையாது. தனிக் கதவும் தனிச் சாவியும் தருவதாகப் பெரியவர் வாக்குக் கொடுத்திருந்தார். அவள் கேட்டது மேற்கே ஒரு பால்கனி, அதில் நாலு செடித் தொட்டி. அந்தத் தொட்டிகளுக்குப் பக்கத்தில்தான் அவன் நின்றான்.

"யாரும்மா இது?" என்றார் பெரியவர்.

"தெரியல சார். வீட்டோட அளவு புரியறதுக்காக ரெடிமேட் ஆளுங்களை வைப்போம். பை தூக்கிட்டுப் போற அம்மா, சைக்கிள்காரர், எல்லாம் ரோட்லதான். மாடியில நான் யாரையும் ஏத்தல."

"நீ ஏத்தாம அவனா ஏறிட்டானாக்கும்?"

அந்தப் பெண் அவனை அழிக்கப் பார்த்தாள். அந்த மாடலில் சுவர், ஜன்னல், கம்பி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் இருந்தது. அவனுக்கு இல்லாததால் எதைச் சொல்லி அழிப்பது என்று தெரியவில்லை. பால்கனியையே நீக்கிவிட்டுப் புதிதாகச் செய்தாள். அடுத்த வாரம் வந்த படத்தில் செடிகள் ஒரு சாண் வளர்ந்திருந்தன. அவனும் இருந்தான், கோப்பையில் ஆவி பறந்தது. படம் முழுக்க அவள் மாலை நான்கு மணி வெயிலை வைத்திருந்தாள். "நிழல்கூட கரெக்டா விழுது சார்" என்றாள், தொழில் தெரிந்தவளுக்கே உரிய வருத்தத்தோடு.

பெரியவர் முதலில் அந்தப் பெண்ணைச் சந்தேகப்பட்டார். பிறகு யாரோ பங்காளி இன்ஜினியரைக் கைக்குள் போட்டுக்கொண்டு குடும்பத்தைச் சந்தி சிரிக்க வைக்கிறான் என்று நினைத்தார். மனையின் முன்னால் அந்தப் படத்தையே பெரிய பலகையாக நட்டுவிட்டார்கள். தெருவில் போனவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பெரியவர் அவன் மேல் வெள்ளைப் பெயின்ட் அடிக்கச் சொன்னார். மறுநாள் காலையில் அவன் வெள்ளைச் சட்டையில் நின்றான். படத்தை எடுத்துக்கொண்டு தையற்காரரிடம் போனார். தையற்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். "நம்ம பக்கத்துல யாரும் தைச்சதில்லைங்க. இந்தச் சட்டைக்குத் தையலே இல்லையே" என்றார். அதற்குப் பிறகு பெரியவர் தெருவில் கோப்பையோடு யார் நின்றாலும் ஒரு நிமிடம் நின்று முகத்தைப் பார்த்தார். மகனுடைய நண்பர்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

கடைசியில் தம்பி மனைவியைக் கூப்பிட்டார். பெரியவரின் மனைவி கதவோரம் நின்றாள்.

"மறைக்காம சொல்லு. அவனை உனக்குத் தெரியுமா?"

"தெரியாது மாமா."

"அப்ப எதுக்குத் தினமும் போய் அந்தப் பலகையைப் பார்க்கிற?"

"செடிக்குத் தண்ணி ஊத்தியிருக்காரான்னு பார்ப்பேன்."

"பாருடி இவளை! யாருன்னே தெரியாதாம், 'ஊத்தியிருக்காரா'வாம்" என்று பெரியவர் மனைவியிடம் சொன்னார்.

"அவர் பாட்டுக்கு இருக்கட்டும் மாமா" என்றாள் தம்பி மனைவி. அந்த வீட்டில் அவள் கேட்ட இரண்டாவது விஷயம் அது.

பெரியவர் அன்றே இன்ஜினியரிடம் போய் மேல் மாடி வேண்டாம் என்றார். அவளுக்குக் கீழ்த்தளத்தில், சமையலறைக்குப் பின்னால் ஓர் அறை போதும். "சித்திக்கு வாக்குக் கொடுத்திருக்கீங்கப்பா" என்றான் மகன். "வாக்கைவிட மானம் பெரிசுடா" என்றார் பெரியவர். அந்தப் பெண் மேல் தளத்தைச் சுவரும் கம்பியும் தொட்டியுமாக ஒட்டுமொத்தமாக நீக்கினாள். புதிய படம் வந்ததும் எல்லோரும் கூடினார்கள். வீடு இரண்டு தளத்தோடு நின்றது. அதற்கு மேலே, வெறும் வானத்தில், இல்லாத கம்பியில் முழங்கையை ஊன்றி அவன் நின்றான். காலடியில் நாலு செடிகள், தொட்டி இல்லாமல், வேரோடு தொங்கின. இந்த முறை அவன் தெருவைப் பார்க்கவில்லை, பெரியவரைப் பார்த்தான். கோபமாகப் பார்த்தான் என்று சொல்ல முடியாது.

பெரியவர் நாற்காலியில் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார். தளம் இருந்தால் நாலு பேர் ஏதாவது பேசுவார்கள். தளத்தைப் பறித்தால், இந்தக் குடும்பம் ஒரு மனிதனை நிற்க இடம் கொடுக்காமல் அந்தரத்தில் விட்டது என்று ஆகிவிடும். பெரியவரின் அப்பா காலத்திலிருந்து வாசலுக்கு வந்த எவரையும் இந்த வீடு உட்காரச் சொல்லாமல் நிற்க வைத்தது கிடையாது. "மாடியைத் திரும்பப் போடும்மா" என்றார். சற்றுப் பொறுத்து, "ஒரு நாற்காலியும் போடு" என்றார்.

வீடு கட்டி முடிய இரண்டு மழைக்காலம் பிடித்தது. சிமென்ட் விலை ஏறியது, இறங்கவில்லை. குடிபுகுந்த அன்று தம்பி மனைவி தன் சாவியோடு மேலே ஏறினாள். சாவி தேவைப்படவில்லை, படத்தில் நின்றவர் உள்ளிருந்து கதவைத் திறந்தார். பின்னாலேயே மூச்சு வாங்க வந்த பெரியவரிடம், "பார்த்து வாங்க, கடைசிப் படி கொஞ்சம் உயரம்" என்றார். படி உயரமாகத்தான் இருந்தது. பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "தம்பி, நீங்க எந்த வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டார். "இந்த வீடுதாங்க" என்றார் அவர். பெரியவருக்கு அதில் குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

அவரும் தம்பி மனைவியும் ரகசியமாகக் கல்யாணம் செய்துகொண்டதாகத் தெருவில் இன்றும் சிலர் சொல்கிறார்கள். அது பொய். பதிவு அலுவலகத்தில் பட்டப்பகலில் நடந்தது. முதல் சாட்சிக் கையெழுத்து பெரியவருடையது. மாப்பிள்ளைக்கு நிழல் இல்லை என்பதும் தவறு. நிழல் இருக்கிறது. விடியற்காலையானாலும் விளக்கு வெளிச்சமானாலும் அது கிழக்கே, வீட்டின் உட்பக்கமாகவே விழுகிறது.