டேப் பிடிக்க ஒரு ஆள்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு வேலையிடத்தில் முறிந்த வலது மணிக்கட்டு கூடியும் கூடாமலும் நின்றுவிட்டது. அதன் பிறகு மோட்டார் சைக்கிளில் ஏறினால் ரோட்டில் உள்ள ஒவ்வொரு பள்ளமும் நேராகக் கையில் வந்து இறங்கியது. வண்டியை விற்றுவிடச் சொன்னார் டாக்டர். அவனோ முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கைக் கழற்றிப் போட்டுவிட்டு, தன் கைக்கு ஏற்றபடி வேறொன்று செய்ய உட்கார்ந்தான்.

மனைவி பிரிந்து போனபின் படுக்கையறைதான் பட்டறை. கட்டில் கிடந்த இடத்தில் இரும்பு கடையும் சின்ன லேத். புது ஃபோர்க்குக்குக் கனத்த இரும்புக் குழாய்கள் இரண்டு, சக்கரத்தைப் பின்னாலிருந்து தாங்கும் வளைந்த கை, இருபுறமும் பழைய வண்டியிலிருந்து எடுத்த ஷாக் அப்சார்பர். வெல்டிங் ஆறும்போது குழாய் மயிரிழை கோணிக்கொள்ளும். அறுத்துவிட்டு மறுபடி வைப்பான். சில நாட்களில் அவன் வாய்விட்டுப் பேசிய ஒரே பேச்சு, "மறுபடியும் கோணிட்டியா?" என்று இரும்பிடம் கேட்டதுதான்.

பொருத்தி முடித்தபோது ஒரு சிக்கல் வந்தது. ஆள் உட்கார்ந்தால் முன்பக்கம் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்துதான் ஸ்பிரிங்கை முறுக்க வேண்டும். உட்கார்ந்தவனே குனிந்து அளந்தால் எடை முன்னால் போய் அளவு பொய்யாகிவிடும். டேப்பைச் சக்கரத்தோடு கட்டிப் பார்த்தான். தரையில் கண்ணாடி வைத்துப் பார்த்தான். ஒருமுறை வண்டியோடு சாய்ந்து அலமாரியில் போய் முட்டினான். போனில் பெயர்களுக்குக் குறைவில்லை. இத்தனை நாள் பேசாமல் இருந்துவிட்டு, டேப் பிடிக்க வா என்று யாரைக் கூப்பிடுவது?

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தான், மனைவியின் தம்பி. உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான்.

"அக்கா தையல் மெஷினை எடுத்துட்டு வரச் சொன்னா, மாமா."

"எடுத்துக்க. அதுக்கு முன்னாடி இந்த டேப்பைக் கொஞ்சம் பிடிக்கறியா?"

மச்சான் தயங்கினான். பிறகு உள்ளே வந்து, பேன்ட் அழுக்காவதையும் பார்க்காமல் சக்கரத்தருகே மண்டியிட்டான். மெக்கானிக் வண்டியில் ஏறி, முழங்கையால் சுவரை லேசாகத் தொட்டபடி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"ரொம்ப இறங்குது மாமா."

"அப்ப இன்னும் முறுக்கணும்."

முறுக்கினார்கள், ஏறினான், இறங்கினான், மறுபடி ஏறினான்.

"தொப்பையைக் குறைச்சா ஸ்பிரிங்கைத் தொடவே வேண்டாம்."

மெக்கானிக் சிரித்துவிட்டான். அந்த அறையில் தன் சிரிப்பு அவனுக்கே வேற்றாள் குரலாகக் கேட்டது.

அளவு சரியாக வந்த நேரம் மச்சானின் போன் அடித்தது. "வந்துட்டே இருக்கேன்க்கா, டிராஃபிக்," என்றான் அவன். சொன்னவன் மாமாவின் முகத்தைப் பார்க்கவில்லை. இருவருமாகத் தையல் மெஷினைத் தூக்கிக் காரில் ஏற்றினார்கள்.

மறுநாள் ஊருக்கு வெளியே, பெயர்ந்து கிடந்த ரோட்டில் ஓட்டினான். பள்ளங்கள் சக்கரத்தோடு நின்றுகொண்டன. பிரேக் பிடித்தபோதும் முன்பக்கம் அமுங்கவில்லை. ஓரமாக நிறுத்தி, மச்சானுக்குப் போன் செய்தான்.

"அவன் குளிக்கறான்," என்றது மனைவியின் குரல். "ஏதாவது சொல்லணுமா?"

"வண்டி நல்லா ஓடுதுன்னு சொல்லு."

அவள் போனை வைக்கவில்லை.

"கை வலிக்கலையே?"

"இல்ல."

"சரி. வச்சிடறேன்."

போனைப் பையில் போட்டான். ஸ்பானரை எடுத்துப் புது ஃபோர்க்கின் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். எதுவும் தளரவில்லை. அவசரமில்லாமல் இன்னொரு தடவையும் பார்த்தான்.