தம்பிக்குக் கொடுத்த பவர்

"இந்த ஜன்னலுக்கு நீலத் திரை போட்டா நல்லாருக்கும்ல?" என்றாள் அந்தப் பெண். அவள் கணவன் அளவு நாடாவோடு என் சமையலறையில் நின்றான். மீட்டர் பார்க்க வந்தவர்கள் என்று நானேதான் கதவைத் திறந்துவிட்டிருந்தேன். புத்திசாலி!

"யாரு வீட்டு ஜன்னலுக்கு?"

"எங்க வீட்டுக்குத்தாங்க. நாளைக்கு மத்தியானம் பத்திரம் பதியறோம். உங்க தம்பி சொல்லலையா?"

போகும்போது, சாவி விஷயமாகக் கூப்பிடச் சொல்லி நம்பரும் கொடுத்தாள்.

முழங்கால் ஆபரேஷனுக்குப் போகும் முன் தம்பிக்குப் பவர், அதாவது எனக்காகக் கையெழுத்துப் போடும் அதிகாரம், எழுதிக் கொடுத்திருந்தேன். மாடியை வாடகைக்கு விடவும் வரி கட்டவும்தான் என்றான். ஒன்பது பக்கம். படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். என் தையல் கடையில் அரை அங்குலம் தப்பினாலும் உதவிக்கு இருப்பவளை உண்டு இல்லை என்று ஆக்குகிறவள் நான்.

பவர் கொடுத்தால் கொடுத்ததுதான், இனி என் வீட்டில் என் கையெழுத்துக்கு மதிப்பில்லை என்றே நம்பினேன்.

மறுநாள் காலையில் பவரின் நகலோடு பத்திரம் எழுதுபவரிடம் போனேன். அவர் ஏழாம் பக்கத்தில் விரலை வைத்தார். "'விற்கவும்'னு இருக்கேம்மா."

"அப்ப வீடு போச்சா?"

"பவர் குடுத்ததால உங்க உரிமை போயிடாது. இப்பவே ரத்து பண்ணலாம். ஆனா அவருக்கும் தெரியணும், வாங்கறவங்களுக்கும் தெரியணும். தெரியறதுக்கு முன்னாடி அவர் கையெழுத்துப் போட்டா, நீங்க போட்ட மாதிரிதான்."

ரத்துப் பத்திரம் பதிவாகி முடிய மணி பன்னிரண்டரை. உடனே தம்பியைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். அவசரத்தில் அது கேஸ் சிலிண்டர்காரருக்குப் போயிற்று. மூன்றாவது முறை எடுத்தான்.

"எங்கடா இருக்கே?"

"வெளியில இருக்கேன்கா. அப்புறம் பேசட்டா?" பின்னால் யாரோ பத்திரப் பதிவுக்கு டோக்கன் எண்ணைக் கூப்பிடுவது தெளிவாகக் கேட்டது.

"பவரை ரத்து பண்ணிட்டேன். இனிமே எனக்காக நீ எதுலயும் கையெழுத்துப் போடக்கூடாது. கேக்குதா?"



"ஹலோ? அக்கா? ஒண்ணுமே கேக்கலையே."

"உனக்குக் கேக்குதுடா."

"இல்லக்கா, கேக்கல," என்று சொல்லி வைத்துவிட்டான்.

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த பத்திரம் எழுதுபவர் நிமிர்ந்தார். "கேக்கலைன்னு பதில் சொல்லிட்டாரே, அப்ப கேட்டிருக்கு! போதும், நான் சாட்சி. வாங்கறவங்க நம்பரக் குடுங்க, நானே சொல்றேன்."

நம்பர் எழுதிய சீட்டைக் கொடுத்தேன். அவர் பேசினார். "அப்படியா? நல்லவேளைங்க," என்று மறுமுனையில் அந்தப் பெண் சொன்னது எனக்கே கேட்டது. வீடு பிழைத்துவிட்டது. ஆனாலும் சாயங்காலம் அவன் என் வீட்டுக்கு வருவான், அவனிடமும் ஒரு சாவி இருக்கிறது. தம்பியை நினைத்து எனக்கு முதன்முதலாகப் பயமாக இருந்தது.